நம்பர் கேட்காத மாநிலத்தைக் கர்த்தர் காட்டினார்

என் ஆண்டவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தச் சாட்சியில் பாதிக்கு மேல் கோபம்தான் இருக்கும். கோபத்தை எடுத்துவிட்டு எழுதும்படி சபையில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். எடுத்துப் பார்த்தேன். மீதி ஒன்றும் தேறவில்லை.

நான் எஸ்தர். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் குடியிருக்கிறேன். கணவர் சாமுவேல் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளர். நான் சென்னைக்கு வெளியே ஓர் அலுவலகத்தில் அமெரிக்கக் கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்க்கிறேன். என் அப்பா பாலாற்றுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான்.

அந்த வேலையை எனக்கு ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அமெரிக்காவில் கணக்காளருக்குத் தரும் சி.பி.ஏ. லைசென்ஸை அடுத்த மார்ச்சுக்குள் நான் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். நான்கு தாள். இரவல் புத்தகமும் பஸ் பயணமுமாகப் படித்து நான்கிலும் தேறினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் பிரியாணி.

லைசென்ஸுக்கு விண்ணப்பித்தபோதுதான் இடி விழுந்தது. அமெரிக்கா ஒரே நாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் கொடுக்கிற விஷயத்தில் அது ஒரே நாடு இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வாரியம், வாரியத்துக்கு வாரியம் ஒரு சட்டம். தேர்வு எழுதும்போதே ஏதாவது ஒரு மாநிலத்தின் பெயரில்தான் எழுத வேண்டும். எனக்கு அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது சென்னையில் நான் சேர்ந்திருந்த கோச்சிங் சென்டர். பனி கொட்டுகிற ஒரு மாநிலம். பெயரைச் சொல்லவில்லை, அந்த ஊர்க்காரர்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவர்கள் தேர்வு எழுத யாரை வேண்டுமானாலும் விடுவார்கள். லைசென்ஸ் வேண்டுமென்றால் அமெரிக்க அரசாங்கம் அங்கே வாழ்கிறவர்களுக்குக் கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வேண்டும் என்பார்கள். செவிலிமேட்டில் இருக்கிறவளுக்கு அந்த நம்பரை யார் கொடுப்பார்கள்?

கோச்சிங் சென்டரில் என்னைச் சேர்த்த ஆளிடம் போய் நின்றேன். டை கட்டிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது முன்பே தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மொதல்ல பாஸ் பண்ணட்டும், லைசென்ஸை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டோம் மேடம். இப்ப வேற ஸ்டேட்டுக்கு ஃப்ரெஷ்ஷா அப்ளை பண்ணுங்க. நாலு பேப்பரையும் திரும்ப எழுதணும். பழைய ஸ்டூடன்ட்டுன்னு ஃபீஸ்ல குறைச்சுக்கலாம்."

குறைச்சுக்கலாமாம். அன்று அந்த மேசையைக் கவிழ்க்காமல் வெளியே வந்தேனே, அதையே தனியாக ஒரு சாட்சியாகச் சொல்லலாம்.

பிறகு நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. ஒரு மாநிலம் நம் பி.காமை அரைகுறைப் படிப்பு என்கிறது. இன்னொன்று எம்.காமும் சேர்த்துக் காட்டினால் போதும் என்கிறது. ஒன்று அங்கேயே குடியிருக்கச் சொல்கிறது. ஒன்று ஒழுக்கநெறிக்கென்று தனியாக ஒரு தேர்வு வைத்து அதற்கும் கட்டணம் வாங்குகிறது. இங்கே பாதிக் கட்டணம், அங்கே இரண்டு பங்கு. ஒரு மாநிலத்தில் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், பக்கத்து மாநிலத்தில் சில வருடத்துக்கு ஒரு முறை போதும். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்குத் தாளுக்குத் தாள் தனி வசூல். இப்போது சில மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்துகின்றனவாம், அதையும் சேர்ந்தாற்போல் செய்ய மாட்டார்களாம். கேள்வித்தாள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. இங்கே காஞ்சிபுரத்தில் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தவர் சித்தூர் வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார். ஆந்திரா எல்லையில் இறக்கிவிட்டுத் திரும்ப எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்களா?

சமையலறையில் குக்கரை வைத்துவிட்டு ஆண்டவரிடமே கேட்டேன். "ஆண்டவரே, நீரும் மாநிலத்துக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறீரா? என் ஜெபம் எந்த வாரியத்தில் நிற்கிறது?" அப்படிக் கேட்பது துணிச்சல் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். எனக்கு வேறு ஜெபம் வரவில்லை.

இனி என் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதன்கிழமைதோறும் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். பாய் விரித்து உட்காருவோம். பாஸ்டர் ஐயா ஜெப விண்ணப்பம் கேட்பார். எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை. "ஒரு காரியத்துக்காக ஜெபிச்சுக்கோங்க." என்ன காரியம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்பது மரியாதை இல்லை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் கண்ணு பட்டுடும் என்று என் அம்மா வாயை அடைத்திருந்தார். கணவரின் சொந்தக்காரர்கள், மருமகள் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டாள் என்று கதை கட்டுவார்கள் என்ற பயம் வேறு.

கூட்டத்தில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவர் ரூபி அக்கா. புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் வேலை செய்கிறார். என் காரியத்துக்காக அவரும், அவர் மகள் பிரின்சியின் காரியத்துக்காக நானும், கையைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் அழுது ஜெபித்தோம். ஆடி மாதம் பிறந்த சமயத்தில் ரூபி அக்கா எழுந்து, பிரின்சியின் காரியத்தைக் கர்த்தர் வாய்க்கச் செய்தார் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், உள்ளுக்குள் பொறாமையாக இருந்ததால்.

அதன் பிறகு இரண்டு மாதம் போனது. அலுவலகத்தில் லைசென்ஸ் என்ன ஆயிற்று என்று மேலதிகாரி கேட்டு மெயில் அனுப்பினார். அன்று புதன்கிழமை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கூட்டத்துக்குப் போனேன். பாஸ்டர் ஐயா, "சகோதரியோட அந்தக் காரியம்..." என்று ஆரம்பித்தார். கர்த்தருடைய நேரம் வரட்டும்மா என்று பின்னால் இருந்து யாரோ ஆறுதல் சொன்னார்கள். அவ்வளவுதான், எனக்குள் என்னவோ அறுந்தது.

"காரியம் இல்லீங்க ஐயா," என்று எழுந்து நின்றேன். "லைசென்ஸ். கணக்காளர் லைசென்ஸ். அமெரிக்காவுல ஒரு ஸ்டேட்டு, நம்பர் இல்லன்னு குடுக்க மாட்டேங்குது. மார்ச்சோட என் வேலை போயிடும்."

கட்டணம், வாரியம், கோச்சிங் சென்டர் ஆள் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தினேன் என்றே சொல்லலாம். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. நான் உட்கார்ந்த பிறகு ரூபி அக்கா என் கையைத் தொட்டார்.

"எங்க பிரின்சிக்கும் இதேதாம்மா இருந்துச்சு. அவளும் நம்பர் கேக்குற ஊருலதான் எழுதி மாட்டிக்கினா. அப்பால நம்பர் கேக்காத ஒரு ஊருக்கு மார்க்கை மாத்திக்கினா. எழுதுனது எழுதுனதுதானாம், திரும்ப எழுத வேணாமாம்."

அவர் பக்கம் திரும்பிக் கேட்டேன். "ஏன்க்கா இத்தினி நாளு சொல்லல?"

"உன் காரியம் இன்னான்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? பொண்ணு பாக்க வர்றவங்க காதுல வுழுந்தா, ஃபெயிலாப் போன பொண்ணுன்னு நெனைச்சிக்குவாங்கன்னு நானும் வாயத் தொறக்கல."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். கோச்சிங் சென்டர் ஆள் மேல் கோபம். அமெரிக்காவின் அத்தனை வாரியங்கள் மேலும் கோபம். அம்மா மேல், ரூபி அக்கா மேல், என் மேல், எல்லாரையும் விட அந்த 'காரியம்' என்ற வார்த்தை மேல் கோபம். ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதிலை அனுப்பி, என் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார வைத்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அதையே கேட்டு அழுதுகொண்டிருந்திருக்கிறோம். அப்போதுதான் எனக்குச் சிரிப்பும் வந்தது.

மறுநாளே பிரின்சி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அவள் காட்டியது கடலுக்கு நடுவே ஒரு தீவு. அமெரிக்காவைச் சேர்ந்ததுதான், அதற்கும் சொந்தமாக ஒரு வாரியம் உண்டு. படிப்பை மறுபடி மதிப்பிட ஒரு கட்டணம், மதிப்பெண்ணை மாற்ற ஒரு கட்டணம், லைசென்ஸுக்கு ஒரு கட்டணம். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். என் அனுபவத்துக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்தின் அமெரிக்க அதிகாரி யோசிக்காமல் போட்டுக்கொடுத்தார். மார்ச் தொடங்கிய வாரத்தில் லைசென்ஸ் வந்தது. வேலை நிலைத்தது. ரூபி அக்கா வீட்டுக்குப் போய், சொல்லாமல் விட்ட நன்றியைச் சொன்னேன். அவர் குஞ்சம் கட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, காபி போட்டார்.

அந்த வாரக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். காரியம் வாய்த்தது என்று சுருக்கமாகச் சொன்னால் போதும் என்றார் பாஸ்டர் ஐயா. அவர் நல்ல மனிதர், இன்னும் பல பேர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நான் சுருக்கவில்லை. இங்கே எழுதியிருப்பதை எல்லாம் சொன்னேன், ரூபி அக்காவையும் எழுப்பிச் சொல்ல வைத்தேன்.

நான் உட்கார்ந்ததும் கதவோரமாக இருந்த ஒரு தங்கை எழுந்தாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். மூன்று வருடமாக அவளுடைய காரியத்துக்காகவும் நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

"என் காரியமும் சொல்லிடறேன்," என்றாள். "வீட்டுக்காரர் என்னை அடிக்கிறாரு."

பாஸ்டர் ஐயாவின் மனைவி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து யாரும் அவரவர் வீட்டுக்குப் போகவில்லை. அவளோடு அவள் வீட்டுக்குப் போனோம்.

பிரியமானவர்களே, விசுவாசியுங்கள், ஆண்டவர் பதில் தருவார். எனக்குத் தந்தார். ஆனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அடுத்த கூட்டத்தில் உங்கள் காரியம் இன்னதென்று வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆண்டவருக்கு அது தெரியும். பக்கத்துப் பாயில் இருக்கிறவருக்குத் தெரியாது.