பேசாத இருவர் தேவை

ரேவதிக்கு என்ன வேலை என்று அவள் அம்மா காமாட்சியம்மாளைக் கேட்டால், "சொறி சிரங்கைப் பத்திப் படிக்குது" என்பாள். கேட்டவர்கள் உடனே சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டுவார்கள். ரேவதி நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதுங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாள். இத்தனை வருஷம் படித்த பெண் இப்படிச் சொன்னால் பிள்ளையார்பாளையத்தில் என்ன மரியாதை இருக்கும்?

அவள் செய்தது வைத்தியம் இல்லை. ஒரு தோல் நோய்க்கு யார் யார் எந்தெந்த மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள், பார்த்ததை ஒழுங்காகப் பார்த்தார்களா என்று, எழுதி வைத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் தேடியெடுத்துச் சலிக்கிற வேலை. முறைசார் மீளாய்வு என்று அதற்குப் பெயர். அவள் எடுத்துக்கொண்டது படர்தாமரை. தமிழில் வந்த மருத்துவ இதழ், மாநாட்டு மலர் எல்லாவற்றையும் துழாவியதில் நானூற்று எண்பது கட்டுரைகள் கிடைத்தன. அதில் ஏழு, குளத்தில் தாமரை வளர்ப்பதைப் பற்றியவை. இன்னும் முப்பது, மாட்டுக்கு வந்த படை. இப்படிப்பட்டதை ஒதுக்குவதுதான் முதல் சலிப்பு.

அந்தச் சலிப்புக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு பேர் செய்ய வேண்டும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படுமே என்பதற்காக. ரேவதியும், அவளோடு வேலை பார்த்த ஷாரோன் என்ற பெண்ணும் செய்து முடித்து, ஏனாத்தூரில் இருந்த பேராசிரியர் பரசுராமனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னம்மா இது, நானூத்தி எண்பதுல நானூத்தி எண்பதும் ஒத்துப்போயிருக்குது?"

"நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி யோசிப்போம் சார்" என்றாள் ரேவதி.

"எங்க உக்காந்து பண்ணீங்க?"

"கேன்டீன்ல சார்."

"ஒரே டேபிளா?"

ஷாரோன் பொய் சொல்லத் தெரியாத பெண். "ஒரே தட்டு சார்" என்றாள். "பஜ்ஜி."

பரசுராமன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "விடை தெரிஞ்ச நீங்க ரெண்டு பேரும் இனி ஆவமாட்டீங்க. புதுசா ரெண்டு பேரைப் புடிங்க. தமிழ் படிக்கத் தெரிஞ்சாப் போதும், மூணு கேள்விதானே. ஆனா ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது. பங்குனிக்குள்ள முடியலன்னா உன் ஆராய்ச்சிக்குக் குடுத்த காலம் முடிஞ்சிடும் ரேவதி. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இரண்டு வருஷ உழைப்பு. ரேவதி பஸ்ஸில் ஏறி ரங்கசாமிகுளம் வரைக்கும் கலங்கிக்கொண்டே வந்தாள். அங்கே இறங்கும்போதுதான் பளிச்சென்று உறைத்தது. பேசாத இரண்டு பேரை வெளியில் எதற்குத் தேட வேண்டும்?

ரேவதியின் அப்பா காலமாகிவிட்டார். அவருக்கு மூத்தவர் கலியாணசுந்தரம், அவளுக்குப் பெரியப்பா. அம்மாவுக்கு அண்ணன் தணிகாசலம், தாய்மாமன். இருவரும் தறிக்காரர்கள், ஒரே சுவரின் இரண்டு பக்கம் குடியிருப்பவர்கள். ஒரு காலத்தில் ஒரே தறியில் உட்கார்ந்து, இரண்டு பேர் சேர்ந்தால்தான் நெய்ய முடிகிற கோர்வைப் புடவை நெய்தவர்கள். இவர் இந்தக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவை எறிந்தால் அவர் அந்தக் கரைக்கு எறிவார். பதினோரு வருஷத்துக்கு முன் கலியாணசுந்தரத்தின் அண்ணன் பெண் அகிலா கல்யாணத்துக்குத் தணிகாசலம் தன் கையால் நெய்த புடவையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். கலியாணசுந்தரம் சபை நடுவே ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அசல் ஜரிகைதான். இருந்தால் என்ன, சுரண்டியது சுரண்டியதுதானே. அன்றைக்கு நின்ற பேச்சு.

ரேவதி இரண்டு வீட்டுக்கும் கட்டுரைச் சுருக்கம் அச்சடித்த தாள் ஆளுக்கு நானூற்று எண்பது கொடுத்து விதியைச் சொன்னாள். மூன்று கேள்வி. இது படர்தாமரையா? மருந்து போட்டது மனுஷனுக்கா? போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் 'சேர்', இல்லாவிட்டால் 'தள்ளு'.

"இன்னொரு ஆளு யாரும்மா?" என்று கேட்டார் பெரியப்பா.

"அதைச் சொல்லக் கூடாது பெரிப்பா."

"சுவத்துக்கு அந்தாண்டயா?"

ரேவதி தாளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் மாமாவும் அதே கேள்வியைக் கேட்டு, அதே மாதிரி புரிந்துகொண்டார். அவ்வளவுதான். அவன் முந்நூறு முடிப்பதற்குள் நான் நானூறு முடிக்கிறேன் என்று இருவரும் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிசைன் தாளில் புள்ளி எண்ணிப் பழகிய கண்கள், ஒரு வரி விடவில்லை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த சண்டைக்குக் காமாட்சியம்மாளால் ஆபத்து வந்தது. ரேவதியின் தம்பி ஆனந்தகுமாருக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். பெரியப்பாவும் தாய்மாமனும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் தட்டு மாற்ற முடியும்.

"இந்த வெள்ளிக்கெழமை ரெண்டு பேரையும் பேச வெச்சிடறேன் பாரு" என்றாள் காமாட்சியம்மாள். "ஏகாம்பரநாதருக்கு வேண்டிக்கினு இருக்கறேன்."

"அம்மா, திங்கக்கெழமை பேச வெச்சுக்கயேன்."

"நல்ல காரியத்துக்கு நாள் தள்ளுவாங்களாடீ?"

"இன்னும் அறுபது தாள் இருக்குதும்மா."

பெற்றவள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். ஊர் உலகத்தில் எல்லாரும் சொந்தபந்தம் சேர வேண்டும் என்று வேண்டுவார்கள். இவள் சேரக் கூடாது என்கிறாள். படிப்பு அதிகமானால் இப்படி ஆகும் என்று அவளுக்கு யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள்.

ரேவதிக்கு இன்னொரு பயமும் இருந்தது. நானூற்றுப் பதினேழாம் எண் கட்டுரை. அதில் ஒரு வைத்தியர், ஒரே ஆளின் இடது காலுக்குச் சீமையகத்தி இலையை அரைத்துப் போட்டு, வலது காலை அப்படியே விட்டுப் பார்த்திருந்தார். இதை ஒப்பிட்டதாக எடுப்பதா, தள்ளுவதா? இருவரும் அதில் சிக்கிக்கொண்டார்கள். தான் என்ன போட்டோம் என்பதைவிட, அடுத்த வீட்டு மடையன் என்ன போட்டான் என்பதே இருவருக்கும் பெரிய அரிப்பாகிவிட்டது.

"அந்த ஆளு நானூத்திப் பதினேழைத் தள்ளிட்டானா?" என்று மாமா காலையில் கேட்பார்.

"சொல்லக் கூடாது மாமா."

"தள்ளியிருப்பான். அவனுக்கு எது தெரியும்."

மாலையில் பெரியப்பா கேட்பார். "அவன் சேத்துட்டிருப்பானே?"

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் காமாட்சியம்மாள் இருவரையும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார வைத்துவிட்டாள். ரேவதி குறுக்கே போய் உட்கார்ந்தாள். பெண் வீட்டார் விழித்தார்கள். மாப்பிள்ளைக்கு அக்கா, இரண்டு பெரியவர்கள் நடுவில் ஏன் உட்கார்ந்திருக்கிறாள்? எழுந்திரு என்று அம்மா கண்ணால் அதட்டியதும் வேறு வழியில்லாமல் நகர்ந்து, நாதஸ்வரக்காரர்கள் பக்கத்தில் போய் நின்றாள்.

தணிகாசலம் கூரையைப் பார்த்துச் சொன்னார். "சில பேருக்கு இடது காலுக்கும் வலது காலுக்கும் வித்தியாசம் தெரியல."

கலியாணசுந்தரம் மெதுவாகத் திரும்பினார். வாய் திறந்தது. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் திறக்கிற வாய். காமாட்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரேவதி தவில்காரரைப் பார்த்து விரலை ஆட்டினாள். "கெட்டி மேளம்ணே."

மேளம் முழங்கியது. சபையில் இருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் கையில் இருந்த அட்சதையை எறிந்தார்கள். பெரியப்பா பேசினது ஒரு எழுத்தும் மாமா காதில் விழவில்லை. மேளம் அடங்கியது. இந்தத் தடவை மாமா வாயைத் திறந்தார். ரேவதி விரலை ஆட்டினாள். மறுபடி மேளம், மறுபடி அட்சதை. மூன்றாவது தடவை அட்சதை தீர்ந்துபோய், ஒரு கிழவர் தாம்பாளத்தில் இருந்த கற்கண்டை எறிந்தார். பெண்ணுக்கு அப்பா எழுந்து நின்று, "ஏம்பா, தாலி ஏதாவது கட்டிட்டாரா?" என்று கேட்டார். ஆனந்தகுமார் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

தட்டு மாற்றியதும் ரேவதி இருவர் நடுவிலும் மண்டியிட்டாள்.

"பெரிப்பா, மாமா, கேட்டுக்கோங்க. மீதி நாப்பதை முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா, அப்புறம் ரெண்டு பேரும் பேசியே ஆவணும். அது விதி. எங்கெங்க ஒத்துப்போவலியோ அதையெல்லாம் நேருக்கு நேர் உக்காந்து பேசணும். நானூத்திப் பதினேழும் அதுல வரும்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் பந்தியைப் பார்த்தார்கள். இலை போட்டாகிவிட்டது. கலியாணசுந்தரம் துண்டை உதறித் தோளில் போட்டார். தணிகாசலம் செருப்பைத் தேடப் போனார். போளி வேண்டாம், பாயசம் வேண்டாம் என்று இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக வீட்டுக்கு நடந்தார்கள். பெண் வீட்டார் கோபித்துக்கொண்டு போவதாக நினைத்துப் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அவர்களைச் சமாதானம் செய்யக் காமாட்சியம்மாளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

நான்கு மணிக்கெல்லாம் இரண்டு கட்டும் ரேவதி கைக்கு வந்துவிட்டன. ஒப்பிட்டுப் பார்த்தாள். நானூற்று முப்பத்தொன்றில் ஒரே முடிவு. நாற்பத்தொன்பதில் வேறு வேறு. பரசுராமனுக்குப் போனில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "இப்பத்தாம்மா இது ஆராய்ச்சி" என்றார்.

சனிக்கிழமை காலை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நாற்பத்தெட்டை இட்லி ஆறுவதற்குள் முடித்துவிட்டு, நானூற்றுப் பதினேழுக்கு வந்தார்கள்.

"இன்னா மச்சான் சேத்து வெச்சிருக்கற?" என்றார் கலியாணசுந்தரம். பதினோரு வருஷத்தில் 'மச்சான்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று அவருக்கே தோன்றவில்லை. "ஒரே ஆளு, ரெண்டு காலு. இதுல ஒப்பிடறதுக்கு என்னா இருக்குது?"

"ஒரே ஆளு மச்சான், அதனாலதான் சேத்தேன். ஒரே ரத்தம், ஒரே சோறு. இதைவிட ஒத்த ஜோடி எங்க கெடைக்கும்?"

மத்தியானம் வரைக்கும் ஓயவில்லை. காமாட்சியம்மாள் சோறு வைக்க வந்தவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"அண்ணே, அந்த ஆளு சொறிஞ்சுக்கினானா?"

"சொறியாம இருப்பானா?"

"எந்தக் கையில? எலை பூசின காலைச் சொறிஞ்ச கையாலதானே அந்தக் காலையும் சொறிஞ்சிருப்பான்? மருந்து ரெண்டு காலுலயும்தானே இருக்கும்?"

ரேவதி பேனாவை எடுத்து, அந்தக் கட்டுரையைச் சேர்த்துக்கொண்டு, ஓரத்தில் அம்மா சொன்ன சந்தேகத்தையும் எழுதிக்கொண்டாள்.

"இதைத்தான் நான் காலையிலேருந்து சொல்லிக்கினு இருக்கறேன்" என்றார் பெரியப்பா.

"நீ எங்க சொன்ன? நான் சொன்னேன்" என்றார் மாமா. இரண்டு பேரும் ஒரே தட்டில் அப்பளம் எடுத்தார்கள்.

திங்கட்கிழமை பரசுராமன் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "அடுத்தது ரெண்டாவது சலிப்பு. சேத்த கட்டுரைங்களை முழுசாப் படிக்கணும். அதுக்கும் ரெண்டு பேர், அதே மாதிரி. உன் பெரியப்பாவும் மாமாவும் இருக்காங்களே?"

"அவங்க இனி ஆவமாட்டாங்க சார். பேசிக்கறாங்க. நிறுத்தவே முடியல."

"அடடா" என்றார் பரசுராமன், உண்மையான வருத்தத்தோடு.

ஆனால் ரேவதி பெரிய குடும்பத்துப் பெண். திருப்புட்குழியில் அவள் சின்ன அத்தை இருக்கிறாள். அத்தைக்கும் அவள் நாத்தனாருக்கும் ஆறு வருஷமாக ஆகாது. இருவரும் பத்தாவது வரை படித்தவர்கள். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள், அம்மா சமாதானம் பேசத் தனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு.