ஒரு கடவுச்சொல், மூன்று பேர்

லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு விளம்பரத் தாள் உண்டு. இணையத்தில் இயங்கும் செயலியால் தொழிலுக்கு என்னென்ன நன்மை என்று அதில் ஏழு வரிகள். எழுதியது நான்தான். எங்கிருந்தும் திறக்கலாம், ஒரே நேரத்தில் பலர் வேலை செய்யலாம், யார், எப்போது, என்ன செய்தார்கள் என்பது பதிவாகும். மீதி நான்கும் இதே மூன்றை வேறு சொற்களில் சொன்னவை. ஏழு என்றால் கனமாக இருக்கும் என்றார் மேலாளர்.

அந்தத் தாளை நம்பியவர்களில் ஒருவர், மூலக்குளத்தில் கல்யாண சாமான்களை வாடகைக்கு விடும் கடைக்காரர். சாமியானா, நாற்காலி, அண்டா, வரவேற்பு மேடை. முன்பதிவு எழுதும் அக்கா கதிர்காமத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பதினொரு வருஷமாக அங்கேதான் வேலை. நாங்கள் செயலியைத் திறந்து காட்டிய அன்று, அக்காவின் முன்பதிவு நோட்டை முதலாளி எல்லார் கண்முன்னாலும் பழைய பேப்பர் கட்டில் போட்டார். இனிமேல் எல்லாம் இணையத்தில்தான் என்று கைதட்டச் சொன்னார். தட்டினோம்.

ஆளுக்கு ஒரு பயனர் பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரே குடும்பம் மாதிரி இருக்கிறோம், குடும்பத்தில் எதற்குத் தனித்தனிச் சாவி என்றார் முதலாளி. முதலாளி, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மச்சான், அக்கா, மூன்று பேரும் முதலாளியின் பெயரிலேயே நுழைந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நுழைந்தால் முதல் ஆள் எழுதியது அழிந்துவிடும் என்று யாரோ முதலாளிக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் மூன்று பேரும் ஃபோனில் முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன், நீ உள்ளே போ. அக்கா அதை நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் குறித்து, மேசைக் கம்பியில் குத்தி வைத்தார்: யார், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே. ஒரே குளியலறை உள்ள வாடகை வீட்டில்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது. நூறு பேர் சேர்ந்து நுழைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று பொறுமையாக விளக்கினேன். முதலாளி கேட்டுக்கொண்டார். "சரிங்க மேடம். ஆனா எதுக்கு வம்பு?" அலுவலகத்துக்குத் திரும்பி, இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

ஆவணி முகூர்த்தம் வந்தது. லாஸ்பேட்டையில் ஒரு வரவேற்புக்கு முதலாளியே ஒப்புக்கொண்டு பதிந்த மயில் மேடை, அன்று மாலை வில்லியனூரில் வேறொரு கல்யாணத்தில் நின்றது. கடையில் இருப்பது ஒரே மயில்தான். லாஸ்பேட்டை மாப்பிள்ளையும் பெண்ணும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை என்னை வரச் சொன்னார் முதலாளி. வில்லியனூருக்குக் கொடுத்தது அக்கா. லாஸ்பேட்டைப் பதிவோ செயலியில் இல்லவே இல்லை.

"இவதான் அழிச்சிருக்கா. அத மட்டும் எடுத்துக் காட்டும்மா, இன்னியோட நின்னுக்கட்டும்."

தேதி காலியாக இருந்தது, அதனால்தான் கொடுத்தேன் என்று அக்கா மூன்று முறை சொன்னார்.

யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற பதிவைத் திறந்தேன். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, பகல் பன்னிரண்டு பத்து. அழித்தவர்: முதலாளி. அது என் பெயர்தான், எல்லாரும் அதில்தானே போகிறோம் என்றார். சரிதான். எந்தக் கருவியிலிருந்து என்பதை எங்கள் செயலி குறித்து வைக்காது. விளம்பரத் தாளில் எட்டாவது வரியாகச் சேர்க்க வைத்திருந்த வசதி அது. பதினொரு வருஷ வேலையைக் காப்பாற்ற என் ஏழு வரிகளில் எதுவும் இல்லை.

அக்கா கம்பியிலிருந்த தாள்களை மொத்தமாக உருவினார். நிதானமாகத் தள்ளித் தள்ளி, அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்து என் முன்னால் வைத்தார். பென்சிலில் எழுதியிருந்தது: முதலாளி, உள்ளே 12.00, வெளியே 12.20. கடலூர் கிரகப்பிரவேசம்.

நான் சிரித்த தாள்.

கடலூர் விருந்துக்கு மச்சானும் போயிருந்தார். இவ்வளவு நேரம் சுவரோரமாக நின்றவர் இப்போதுதான் வாயைத் திறந்தார். "மாமா, அங்க எல்லாருக்கும் காட்டுனீங்களே, இங்கேருந்தே போடலாம், இங்கேருந்தே எடுக்கலாம்னு. எடுத்தீங்க. திரும்பப் போட்டீங்களா?"

போடவில்லை. இலை போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட, எழுந்து போயிருக்கிறார். நிச்சயமாக அழிக்கவா என்று செயலி கேட்டிருக்கும். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார்தான் இல்லை என்று அழுத்துவார்கள்? எங்கிருந்தும் தொழிலை நடத்தலாம் என்று நான் எழுதியதில் பொய் இல்லை. எங்கிருந்தும் கெடுக்கலாம் என்று எழுதத்தான் தாளில் இடமில்லை.

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. அழிக்கிற பொத்தான் ஒன்றை வைத்ததே எங்கள் தப்பு, அதை முதலில் எடுங்கள் என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பாமலே, லாஸ்பேட்டை வீட்டுக்கு ஃபோன் போட்டு ஏதாவது சமாதானம் சொல் என்றார். வேலை போகவில்லை என்று அந்தக் கடையில் அறிவிப்பது அப்படித்தான்.

அக்கா ஃபோனைத் தொடவில்லை.

"எனக்குத் தனிப் பேரு போட்டுக் குடு பாப்பா."

முதலாளி நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நிமிட வேலை. அக்கா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கடவுச்சொல் தட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன் பிறகு ஃபோனை எடுத்து, மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த முதலாளியின் எண்ணுக்கே போட்டார். அவரும் எடுத்தார்.

"மொதலாளி, நான் உள்ள போறேன். நீங்க இருந்தா இருங்க."