எறும்புக்கடி அக்காவின் கார்

பல் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அவளுக்கு 'எறும்புக்கடி அக்கா' என்று பெயர். டாக்டர் ஊசியை எடுத்ததும், நாற்காலியில் கிடப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். வாயை நல்லாத் திறங்க" என்பாள். பச்சைப் பொய். ஆனாலும் வாய் திறந்துவிடும். பயந்தவர்கள் சொல்லும் சாக்குகளெல்லாம் அவளுக்கு அத்துப்படி. லேசாகக் காய்ச்சல் அடிக்குது, வீட்டுக்கு ஆள் வர்றாங்க, வாசலுக்கு வந்ததும் வலியே போயிடுச்சு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே ஆளை உட்கார வைத்துவிடுவாள்.

ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற இந்த மகராசிக்குக் கார் ஓட்டப் பயம்.

கணவர் கப்பலில் சமையல்காரர். கிளம்புவதற்கு முன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸ் எடுக்க வைத்து, ரிவர்ஸ் மட்டும் வரவே வராது என்று தெரிந்ததால் காரை ஷெட்டுக்குள் வாசலைப் பார்த்தபடி நிறுத்திவிட்டுப் போனார். திரும்பி வரும்போது ஸ்டேஷனுக்குக் காரில் வந்து அழைத்துப்போவதாக அவளிடம் சத்தியமும் வாங்கியிருந்தார்.

நின்ற கார் நின்றபடியே இருந்தது. ஒருநாள் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றொரு சத்தம், அதோடு சரி. பேட்டரி இறங்கியிருந்தது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மெக்கானிக் வந்து உயிர் கொடுப்பார், அவள் தொட மாட்டாள், அது மறுபடி இறங்கும். இப்படியே ஓடியது காலம்.

"வண்டியை எடுத்தியா?" என்று போனில் கணவர் கேட்டார்.

"எங்கங்க, பேட்டரிதான் செத்துப்போச்சே." குரலில் துக்கத்தை அளவாகக் கலந்துகொண்டாள்.

"பேட்டரி மெயின்டெய்னர்னு ஒண்ணு விக்குதாம். வண்டி சும்மா நின்னாலும் பேட்டரி இறங்காமப் பாத்துக்குமாம். போய் வாங்கு. அடுத்த வாரம் வர்றேன். சத்தியம் ஞாபகம் இருக்கில்ல?"

பேட்டரிக் கடைக்காரர் பெரிய மீசைக்காரர். அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "அட, அக்கா! மாஸ்க் இல்லாம அடையாளமே தெரியல" என்றார். பிறகு மூன்று சாமான்களை மேசையில் பரப்பினார்.

"இது சாதா சார்ஜர். பேட்டரி நிறைஞ்சப்புறமும் விடாம ஏத்தும், நாமதான் கழட்டணும். மறந்தா பேட்டரி பாழு. இது வெயில்ல ஓடுறது, முன்கண்ணாடிக்கிட்ட வெச்சாப் போதும். இதுதான் மெயின்டெய்னர். சுவத்துல சொருகிட்டு மறந்துடலாம். நிறைஞ்சா தானே அடங்கிடும், இறங்கினா தானே ஏத்திக்கும். பச்சை லைட் எரிஞ்சா வண்டி தயார்."

பச்சை லைட் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"வெயில்ல ஓடுறதே குடுங்க தம்பி."

"வண்டி வெயில்லயா நிக்குது?"

"ஷெட்டுக்குள்ள."

"ஷெட்டுல ஜன்னல் இருக்கா?"

"சுத்திச் சுவருதான்."

"அப்ப இது வேலையே செய்யாதேக்கா!"

"செய்யலேன்னா பரவாயில்ல." வாய் தவறி வந்துவிட்டது.

மீசைக்காரர் சிரிக்கவில்லை. "கடவாப்பல்லு எடுக்க வந்தப்ப நானும் இப்படித்தான்க்கா. மாத்திரையிலேயே சமாளிச்சுக்கலாம்னு உங்ககிட்ட கெஞ்சினேன்" என்றவர், அவள் வழக்கமாக ஆட்டுவது போலவே மெதுவாகத் தலையாட்டினார்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை பேருடைய சாக்கை முகத்தைப் பார்த்தே பிடித்தவள்! மெயின்டெய்னரைக் கையில் எடுத்தாள். அவரே கூட வந்து சிவப்பு வயரைப் பிளஸ்ஸிலும் கறுப்பு வயரை மைனஸிலும் முடுக்கி, மிச்ச வயரை முன்பக்க இடுக்கு வழியாக வெளியே எடுத்து, சுவரில் சொருகிக் கொடுத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் பச்சை. அதற்கடுத்த நாளும் பச்சை. அந்தச் சனியன் ஒருநாள்கூட மறக்கவில்லை.

கணவர் வரும் நாளில் அவள் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கார் உறுமியது. "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிளட்ச்சை விட்டாள். கார் ஒரு துள்ளு துள்ளித் தெருவில் இறங்கியது.

பக்கவாட்டில் ஏதோ கடகடவென்று சத்தம். கார் கழன்று விழுகிறது என்றே நினைத்தாள். ஆனால் நிறுத்தினால் மறுபடி கிளப்பத் தைரியம் வராது என்பதும் தெரியும். சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்காரர் கீழே கையைக் காட்டி ஏதோ சொன்னார். அவரிடமும் தலையாட்டினாள். விளக்கு மாறியதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிளப்பினாள். கிளம்பியது! அதற்கப்புறம் மனசுக்குள் ஏதோ லேசாகி, தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு கோணலாக நிறுத்தினாள். பெட்டியோடு நின்ற கணவர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். முன்பக்கத்திலிருந்து வயர் தொங்கி, அதன் நுனியில் மெயின்டெய்னர் தோலெல்லாம் உரிந்து கிடந்தது.

"சுவத்துலேருந்து கழட்டலையா?"

"முன்னாடி பாக்கவே நேரம் சரியா இருந்துச்சுங்க." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவர் வயரைச் சுருட்டி எடுத்தார். கோணல் காரை இன்னொரு முறை பார்த்தார். முகம் லேசாக வெளுத்தது. "சத்தியத்தைத்தான் காப்பாத்திட்டியே. வெயிலா வேற இருக்கு, நீ களைச்சிருப்ப. வீடு வரைக்கும் நான் ஓட்டுறேனே?"

அவள் தலையாட்டினாள். ஸ்டியரிங்கை விடவில்லை.

"ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். அந்தப் பக்கமா வந்து உக்காருங்க. வாயை மட்டும் நல்லா மூடிக்கங்க."