மூன்றாவது ஓட்டை

என் தங்கை ஆரோக்கியசெல்வியைக் கட்டிக்கொண்ட சகாயராஜை எனக்கு முதலில் பிடிக்கவே பிடிக்காது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் ஓடாமல் கிடந்த மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இவனுக்குப் பொண்ணு வேணுமா, ஸ்பேர் பார்ட்ஸ் வேணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். செல்வி மட்டும் சிரித்தாள். சிரித்ததோடு நிற்காமல் அவனையே கட்டிக்கொண்டாள்.

மரக்காணம் உப்பளங்களில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. வெயில் அடிக்கிற வரைக்கும் உப்பு, உப்பு விளைகிற வரைக்கும் எஞ்சின். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பாத்தியெல்லாம் குளமாகிவிடும். தை பிறக்கும்வரை உப்பளத்தில் யாருக்கும் வேலை இருக்காது. மற்ற ஆண்கள் அந்த மாதங்களில் என் டீக்கடை பெஞ்சைத் தேய்ப்பார்கள். சகாயராஜ் வீட்டில் உட்கார்ந்து கத்தி செய்தான்.

செல்விக்காகத்தான் அதை ஆரம்பித்தான். கடற்கரையில் ஏலம் நடக்கிற இடத்தில் அவள் மீன் வெட்டிக் கொடுப்பாள். வஞ்சிரம், பாறை என்று பெரிய மீன் வாங்குகிறவர்கள் அங்கேயே துண்டு போட்டுத் தரச் சொல்வார்கள். கடையில் விற்கிற கத்தி நாலு மீனுக்கே மழுங்கிப் போகும். சகாயராஜ் பாண்டிச்சேரிக்குப் போய், லேத் பட்டறையில் இரும்பு அறுக்கிற மெஷினிலிருந்து தேய்ந்துபோய்க் கழித்த பிளேடுகளை வாங்கி வந்தான். நல்ல எஃகு அது. பல்லைத் தேய்த்தெடுத்து ஒரு பக்கம் கூர் வைத்துவிட்டால் வஞ்சிரத்தின் நடுமுள் ஒரே வெட்டில் போகும்.

கூர் வைப்பது பெரிய காரியம் இல்லை. பிடி போடுவதுதான் பாடு. இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்து இறுக்க பிளேடில் இரண்டு ஓட்டை வேண்டும். இரும்பையே அறுக்கிற எஃகில் எதை வைத்து ஓட்டை போடுவது? கரண்ட் டிரில்லை வைத்தால் அதில் மாட்டியிருக்கிற துளையூசி, பிட் என்பார்கள், கிறீச்சிட்டு முனை கருகி மொட்டையாகிவிடும். பிளேடில் ஒரு கீறல்தான் மிஞ்சும். அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகிவிடும் என்று என் கடைக்கு வந்த ஒரு மேதாவி சொன்னான். சாதாரண இரும்புக்கு அது சரியாக இருக்கலாம். இது ஆற ஆற இன்னும் விறைத்துக்கொண்டது. லேசாகத் தட்டிப் பார்த்தான், இரண்டாக உடைந்து விழுந்தது. அன்றைக்குச் செல்வி அவனை ஓட்டிய ஓட்டு தெரு முழுக்கக் கேட்டது.

கடைசியில் கான்கிரீட் சுவரில் ஓட்டை போடுகிற பிட் ஒன்றை எடுத்து, அதன் முனையைச் சாணைக்கல்லில் கூராகத் தீட்டி, கையால் சுற்றுகிற டிரில்லில் மாட்டினான். பிளேடைப் பலகையோடு சேர்த்து அசையாமல் கட்டினான். அவன் மெதுவாகச் சுற்ற, அவள் எதிரில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டாள். அவசரப்பட்டால் பிட் தெறித்துவிடும். பிட்டின் முனை அடிப்பக்கம் வெளியே வருகிற நேரத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டாலும் பிளேடு விரிசல் கண்டுவிடும். ஒரு ஓட்டைக்கு ஒரு பொழுது போய்விடும்.

"இன்னா மாப்ள, கெணறு வெட்டுறியா?" என்று கேட்டுக்கொண்டுதான் நான் உள்ளே நுழைவேன்.

"கெணறா இருந்தா இந்நேரம் தண்ணி வந்திருக்கும்ணா" என்பாள் செல்வி. அவன் நிமிராமல் சுற்றிக்கொண்டிருப்பான். பிள்ளை இல்லாத வீடுதான். ஆனாலும் அவர்கள் இரண்டு பேரும் அப்படிக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, என் தங்கை சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். வெளியே சொன்னதில்லை.

மூன்றாவது ஓட்டை அப்புறம் வந்தது. மீன் வெட்டுகிற கை எந்நேரமும் வழவழவென்று இருக்கும். ஒருநாள் கத்தி நழுவி அவள் பாதத்திலேயே விழுந்து, தையல் போடும்படி ஆகிவிட்டது. சகாயராஜ் அந்தக் கத்தியை எடுத்தான். பிடியைக் கழற்றிவிட்டு, பிளேடின் பிடிப்பக்கக் கடைசி நுனியில் இன்னொரு ஓட்டை போட உட்கார்ந்தான். அதில் வலை பின்னுகிற நைலான் கயிற்றைக் கோத்து வளையம் போட்டுக் கொடுத்தான். வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், நழுவின கத்தி கீழே விழாமல் கையிலேயே நின்றுவிடும். முதலில் செல்வியின் பக்கத்துக் கட்டையில் வெட்டுகிற சாலம்மாள் கேட்டாள். பிறகு கரையில் மீன் வெட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் கயிற்றுக் கத்திதான் வேண்டும் என்றார்கள். பேசாமடந்தையாக இருந்தவனைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து நான்கு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகலாம் வா என்று சகாயராஜ் கூப்பிட்டிருக்கிறான். "குடில்ல கெடக்கிற கொழந்த எங்க ஓடிடப் போவுது? சாயங்காலமா போயி பாத்துக்கலாம். இன்னிக்கு மீன் நல்லா போவும்" என்று சொல்லிவிட்டுச் செல்வி கரைக்குப் போனாள்.

கடல் வந்ததைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. டிவியில் காட்டிக் காட்டித் தீர்த்துவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே என் கடையில் வடை தின்றவர்களையும் எனக்குத் தெரியும்.

செல்வியை மறுநாள் உப்பளத்து வாய்க்காலில் கண்டெடுத்தோம். முதலில் பார்த்தவன் சகாயராஜ்தான். கிழிந்த வலை ஒன்று கருவேல முள்ளில் சுற்றிக் கிடந்தது. கத்தி அந்த வலைக்குள் மாட்டியிருந்தது. கத்தியின் கயிறு அவள் மணிக்கட்டில் இருந்தது. கயிற்றை அறுத்துவிட நான் குனிந்தேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு, வளையத்தை அவனே மெதுவாகக் கழற்றினான். அவள் கைக்கு வலிக்கும் என்பதுபோலத்தான் கழற்றினான். நான் சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவன் அழவில்லை.

அவன் மனதில் என்ன புகுந்துவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்தது. பிறகு ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டான்.

"மச்சான், அந்தக் கயிறு இல்லன்னா அவ எப்படியாவது மேல வந்திருப்பா இல்ல? நான் போட்ட ஓட்டதானே அவள புடிச்சி வெச்சுது?"

"பைத்தியக்காரன் மாதிரி பேசாத. வந்தது கடல்டா" என்று திட்டினேன். திட்டினேனே தவிர, அந்த வலையும் முள்ளும் என் கண்ணை விட்டும் போகவில்லை.

நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் குடம், பாய், ஸ்டவ்வோடு ஆளுக்கொரு பளபளப்பான கத்தியும் கொடுத்தார்கள். அதில் தக்காளி நறுக்கலாம். கரையில் மறுபடி ஏலம் தொடங்கியதும் பெண்கள் சகாயராஜிடம் வந்து நின்றார்கள். செய்து கொடுத்தான். ஆனால் பிடிக்கு இரண்டு ஓட்டை மட்டும்தான். கயிற்றுக்கு ஓட்டை கேட்டால், "இல்ல" என்பதைத் தவிர வேறு பதில் வராது. கெஞ்சிப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள். சுனாமியில் புத்தி பிசகிவிட்டது என்றும் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அன்றைக்குக் கரையில் செல்வியோடு கடைசிவரை இருந்தவள் சாலம்மாள். அவள் தப்பித்துவிட்டாள். எப்படித் தப்பித்தாள் என்று யாரிடமும் சொல்லாமல், கீழ்புத்துப்பட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. செல்வி எப்படிப் போனாள் என்று அவளுக்குத்தான் தெரியும். சகாயராஜ் அடிக்கடி பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறுவான். கீழ்புத்துப்பட்டில் இறங்குவான். ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவான்.

"கேட்டியா?" என்பேன்.

"இல்ல மச்சான்."

நீயாவது போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு, ஆமாம், கயிறுதான் இழுத்துக்கொண்டு போனது என்று அவள் சொல்லிவிட்டால், இவனை யார் பார்த்துக்கொள்வது?

இரண்டாயிரத்து ஆறில், மழை தொடங்கின சமயம், சாலம்மாள் தானாகவே வந்தாள். நான் அப்போது சகாயராஜ் வீட்டில் இருந்தேன். கடையிலிருந்து இட்லி எடுத்துப் போயிருந்தேன். இல்லாவிட்டால் அவன் பட்டினி கிடப்பான். சாலம்மாள் ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கையில் ஒரு பழைய பிளேடு.

"திரும்பக் கரைக்குப் போலாம்னு இருக்கேன் சகாயம். பொண்ணு வூட்ல எத்தினி நாளு குந்தித் தின்றது? ஒரு கத்தி பண்ணிக் குடு. கயிறு கட்றதுக்கும் ஓட்ட வோணும்."

"ரெண்டுதான்கா போடுவேன்."

"சொன்னாங்க. ஏன் அப்படி?"

அவன் அந்தப் பிளேடின் நுனியை விரலால் தொட்டான். பிறகு, "அந்தக் கயிறு கையில இல்லன்னா அவ பொழச்சிருப்பா இல்லக்கா?" என்றான்.

சாலம்மாள் என்னைப் பார்த்தாள். "எதுவா இருந்தாலும் சொல்லிடு அக்கா" என்றேன்.

"மொதல்ல கயிறு அவ கையில இல்லவே இல்லப்பா. டீ குடிக்கிறதுக்காக கழட்டி கட்ட மேல வெச்சிருந்தா. கடல் பொங்குதுன்னு கத்தினாங்க. ரெண்டு பேரும் கைய புடிச்சிக்கினு ஓடினோம். மணல்மேட்டுல ஏறிட்டோம் சகாயம். அந்த மேட்டுக்குத் தண்ணியே வரல. ஏறினப்பறம் என் கைய உதறிக்கினா. கத்திய வுட்டுட்டேன்க்கா, தோ வந்துட்றேன்னா. போனா போவுது வாடின்னேன். அதுல ஓட்ட போட அந்தாளு எத்தினி பொழுது குந்தினாரு தெரியுமா உனக்குன்னு சொல்லிட்டு எறங்கிட்டா. எடுத்துக் கையில மாட்டினத நான் பாத்தேன். அப்பறம் தண்ணியத்தான் பாத்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத உங்கிட்ட சொல்ல முடியாமதான் ஊர வுட்டே போனேன்."

எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. பாவி எனக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. அந்த ஓட்டை அவளைப் பிடித்து வைக்கவில்லை, அவளேதான் திரும்பி இறங்கினாள், இனி இவன் இரவில் தூங்குவான் என்றுதான் நினைத்தேன்.

"பிளேட வெச்சிட்டுப் போக்கா" என்றான் சகாயராஜ். "கயித்துக்கும் சேத்து ஓட்ட போட்டுத் தர்றேன்."

அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், நான் கடையில ஒரு கத்தி வாங்கிக் குடுத்திருந்தா, வுட்டுட்டு வந்திருப்பா இல்ல?"

வந்திருப்பாள். என் தங்கையை எனக்குத் தெரியாதா? கடைக் கத்தியாக இருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அதை அவனிடம் நான் எந்த வாயால் சொல்வது?