மூன்றாவது வரி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும்.

பருத்திப்பட்டில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். வேலை முடிந்து படியேறும்போதே அதன் விசிறி இரைவது கேட்கும். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அதன் முன்னால் உட்கார்ந்து ஏதாவது தட்டிக்கொண்டிருப்பாள். அவள் இருக்கும்வரை இரைச்சல் நிற்காது. அவள் எழுந்து, நான் உட்கார்ந்து, பட்டறை ரிப்போர்ட்டைத் திறந்தால் சில நொடிகளில் கம்மென்று ஆகிவிடும். மூடினால் மறுபடி ஆரம்பிக்கும். வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகளெல்லாம் அடங்குவார்களே, அதே மாதிரி. வகுப்பு சட்டென்று அடங்கினால், அதற்கு முன் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. என்ன நடந்தது என்பதுதான் தெரியவில்லை.

நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கடைசல் பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறேன். கடைந்து வரும் ஒவ்வொரு பீஸையும் சரியில்லை என்று நினைத்துக்கொண்டே அளக்க வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தைப் பட்டறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை.

மகளைக் கேட்டேன். எங்கேயோ விஞ்ஞானிகள் சிலர் புது மருந்துக்காகப் பெரிய கணக்கு ஒன்று போடுகிறார்களாம். அவர்களிடம் இருக்கும் கம்ப்யூட்டர்கள் போதாதாம். அதனால் கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்களாம். நம்முடையதும் ஒரு துண்டை வாங்கிப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்புகிறதாம்.

"சும்மாவா?" என்று கேட்டேன்.

"சும்மாதான் பா."

"முகம் தெரியாதவனுக்கு எவன்மா சும்மா வேலை செய்வான்?"

"நான் செய்றேனே," என்றாள். மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படித் திரும்பிக்கொண்டதையும் நான் என் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பட்டறையில் என் மேஜைக்குப் பக்கத்து மிஷினை ஓட்டுகிறவர் வானகரத்துக்காரர். ஓய்வு நேரத்தில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துச் சரி செய்வார். சாப்பாட்டு வேளையில் அவரிடம் சொன்னேன். டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கையை உதறினார்.

"மாமே, நீ குந்துனா கம்முனு ஆவுது, உன் பொண்ணு குந்துனா ஆவல. அப்போ அதுக்கு ஆள் தெரியுது. உள்ள எவனோ உன்னப் பாத்துகினு கீறான்."

என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் சனிக்கெழம ஊட்டுக்கு வரேன். மொத்தமா தொடச்சி வுட்டுட்டு புச்சா ஏத்திக் குடுக்குறேன்."

அன்று மாலை வீட்டில் சொல்லிவிட்டேன். மகள் முகம் சுருங்கியது. இப்போது ஓடுகிற துண்டு மூன்று வாரக் கணக்கு, பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, துடைத்தால் அத்தனையும் போய்விடும் என்றாள். அதன் பிறகு கம்ப்யூட்டரில் என்ன இருக்கும் என்று நான் கேட்டேன். "உங்க ரிப்போர்ட்டு மட்டும் இருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனாள். மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, அந்தக் கணக்கு மென்பொருள் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். அங்கே அமைப்புக் கோப்பு என்று ஒன்று இருந்தது. எங்கள் பட்டறை மிஷின்களிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. எவ்வளவு வேகம், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதில் கை வைப்பவர் எதை மாற்றினார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மிஷின் கதவில் சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் போனால் அடுத்த ஷிப்டில் பீஸ் எல்லாம் பாழாகும். எங்கள் பட்டறையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

கோப்பைத் திறந்தேன். அடைப்புக்குறிகளும் இங்கிலீஷுமாக இருந்தது. பாதி புரியவில்லை. நடுவில் மூன்று வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. முதல் வரியில் நான் ரிப்போர்ட் போடும் நிரலின் பெயர். இரண்டாவதில் தெருச் சங்கத்துக்கு நான் கடிதம் தட்டும் நிரலின் பெயர். நான் எதையெல்லாம் திறக்கிறேன் என்று யாரோ பட்டியல் எடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வரியைப் படித்ததும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அது ஒரு சீட்டு விளையாட்டு. தனியாளாக, கம்ப்யூட்டரிலேயே சீட்டை அடுக்கி ஆடுவது. எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு நுழையக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான். "அப்பா ரிப்போர்ட் போடுறார், சத்தம் போடாதே," என்று மனைவி டிவியின் ஒலியைக் குறைத்த பல மாலைகளில், ரிப்போர்ட் பத்தே நிமிடத்தில் முடிந்திருக்கும். மீதி நேரம் சீட்டுதான்.

இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். இப்போது யாரையும் கேட்கவும் வழியில்லை. இந்த வரி எப்படி வந்தது என்று மகளைக் கேட்டால், அந்த விளையாட்டை ஆடுவது யார் என்று அவள் கேட்பாள். மூன்று வரிகளையும் அழித்தேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். மாற்றியதை எழுதிச் சீட்டு ஒட்டவில்லை.

திங்கட்கிழமை மாலை ரிப்போர்ட்டைத் திறந்தேன். விசிறி நிற்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். இரைச்சல் கூடிக்கொண்டே போனது. நான் தட்டும் எண் கட்டத்தில் விழுவதற்கு ஒரு பெருமூச்சு விடும் நேரம் ஆனது. எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சீட்டைத் திறந்தேன். ஒரு சீட்டை இழுத்தால் அது நகராமல் நடுவழியில் நின்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மூன்று வரிகளும் என்னை வேவு பார்க்கவில்லை. நான் இவற்றைத் திறந்தால் கணக்கை நிறுத்திவை என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லி வைத்தவை அவை.

பின்னால் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. சீட்டு திரையிலேயே இருந்தது.

"ஃபைல யாரோ மாத்திருக்காங்க பா," என்றாள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்து கோப்பைத் திறந்து முதல் வரியை மறுபடி டைப் அடித்தாள். இரண்டாவதை அடித்தாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மூன்றாவதையும் அடித்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ரொம்ப நாளா தெரியும். நீங்க ஆடும்போது சீட்டு நின்னு நின்னு வந்துச்சு. வேலை முடிச்சு வந்து ஆடுறீங்க, அதான் போட்டேன்."

"உன் வேலைக்கு ஏன் போடலை?"

"நான் பொறுத்துப்பேன் பா."

மறுநாள் வானகரத்துக்காரரிடம் சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னேன். நான் மகள் கையில் ஏமாந்துவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லப்போவதாக மிரட்டினார். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். "ஞாயிறு. அமைப்புக் கோப்பில் மூன்று வரி அழித்தது." கீழே கையெழுத்துப் போட்டு, திரையின் ஓரத்தில் ஒட்டினேன். அதற்குக் கீழே மகள், "திங்கள். மூன்று வரி திரும்பச் சேர்த்தது," என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

திரையைத் துடைக்க வந்த மனைவி அதைப் படித்தாள். "இன்னா மூணு வரி?" என்று கேட்டாள். மகள் என்னைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தாள். நான் முதல் இரண்டைச் சொன்னேன். பிறகு மூன்றாவதையும் சொன்னேன்.

மனைவி துடைக்கும் துணியை மேஜையில் போட்டாள். "அதுக்கா நான் சீரியல்ல வாய் அசையுறத மட்டும் பாத்துகினு இருந்தேன்?" என்றாள். அன்றிலிருந்து டிவியின் ஒலி குறைவதில்லை.

மூன்று வாரத் துண்டு முடிந்து, விடை போய்ச் சேர்ந்துவிட்டது என்று மகள் ஒருநாள் திரையில் காட்டினாள். அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த வாரமே, ஒட்டியிருந்த தாளில் அவள் கையெழுத்தில் புதிதாக ஒன்று ஏறியிருந்தது. "வியாழன். நான்காவது வரி சேர்த்தது. அம்மா கேட்டாங்க."

அது என்ன நிரல் என்று தெரியவில்லை. கோப்பைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் சீட்டில் முறையாகக் கையெழுத்து இருக்கிறது. எங்கள் பட்டறை வழக்கப்படி, அப்படி இருந்தால் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது.

இப்போதெல்லாம் நான் படியேறி வரும்போது விசிறிச் சத்தம் கேட்பதில்லை. கதவைத் திறந்ததும் கேட்க ஆரம்பிக்கிறது. மனைவி அப்போதுதான் கம்ப்யூட்டர் பக்கமிருந்து சமையலறைக்குள் போய்க்கொண்டிருப்பாள்.

இன்றுவரை திறந்து பார்க்கவில்லை. கை மட்டும் துறுதுறுக்கிறது.