ஈரலுக்காக இருந்த பட்டினி

என் தம்பியின் கல்லீரல் சுருங்கிவிட்டதென்று தெரிந்தபோது அவனுக்கு நாற்பத்தொரு வயது. குடிப்பழக்கம் இல்லாதவன். புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தான். வயிற்றில் நீர் கட்டி, கண் மஞ்சளாகி, கரும்பலகைக்கு முன்னால் நிற்கவே முடியாமல் போயிற்று. மாற்று ஈரல் வைப்பதுதான் வழி என்றார் கொழும்பு வைத்தியர். சொந்தக்காரர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம்; கொடுத்தவருக்கு அது திரும்ப வளருமாம். அவன் மனைவியின் இரத்த வகை பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது.

ஆனால் ஸ்கானில் என் ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. அப்படியான ஈரல் இன்னோர் உடம்பில் சரியாக வேலை செய்யாது என்றார் வைத்தியர்.

"சோறு, இனிப்பு, எண்ணெயைக் குறையுங்கோ. மீன், முட்டை, பயறு குறைக்கவேண்டாம். ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. ரெண்டு மாதத்தில வாங்கோ."

தாளிலும் எழுதித் தந்தார். என் ஊரான கரம்பொனுக்குத் திரும்பிய பிறகு 'குறையுங்கோ' என்ற சொல் மட்டும்தான் என் மண்டைக்குள் நின்றது. குறைப்பது நல்லதென்றால் அடியோடு விடுவது இன்னும் நல்லதென்று நினைத்தேன். காலையில் வெறுந்தேநீர், மத்தியானம் கொஞ்சம் கீரை. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு நேர்ந்து அதையும் விட்டேன். வெயிலுக்குள் நடக்கும்போது கண் இருண்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி, "தம்பிக்காண்டி உருகிப் போனீர்" என்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த வைத்தியர் நிமிர்ந்தார்.

"அம்மா, நீங்கள் சாப்பிடுறனீங்களோ?"

"குறைச்சுத்தான், டொக்டர். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"குறைக்கச் சொன்னனான். பட்டினி கிடக்கச் சொல்லேல்லை. உடம்பில சத்தே இல்லை. இப்ப வெட்டினா உங்களுக்கும் ஆபத்து, வைக்கிற ஈரலும் தாங்காது. ஆறு கிழமை ஒழுங்காச் சாப்பிட்டிட்டு வாங்கோ."

வெளியே கதிரையில் இருந்த தம்பியிடம் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. "சரி அக்கா. இனிச் சாப்பிடுங்கோ" என்றான்.

அந்த வாரங்களில் அவனும் மனைவியும் என் வீட்டில் தங்கினார்கள். அவள் எனக்கு மீன் அவிப்பாள், பயறு கடைவாள். உப்பில்லாத கஞ்சியோடு அவன் எனக்கு எதிரே இருப்பான்.

"அந்த முட்டையையும் சாப்பிடுங்கோ."

"நீ பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இறங்குதில்லையடா."

"எனக்காண்டித்தானே சாப்பிடுறியள்" என்று சிரித்தான். பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது.

நாலாம் வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்று நீரில் கிருமி. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டான்.

செத்தவீடு முடிந்தபின் கொழும்பு வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தேன். "நான் ஒழுங்காச் சாப்பிட்டு, அந்த ரெண்டு மாதத்திலயே செய்திருந்தாத் தப்பியிருப்பானோ?"

"சொல்ல ஏலாது, அம்மா" என்றார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல.

தம்பிக்காக உடம்பை உருக்கின அக்கா என்று ஊர் இன்றும் சொல்கிறது. நான் மறுப்பதில்லை. ஆனால் நடந்தது அவன் மனைவிக்குத் தெரியும். வருகிறாள், தேநீர் குடிக்கிறாள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறாள். அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டால் என் பிழைதானென்று சொல்லவேண்டுமென்று ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறேன்.