ஞானம்பாளுக்குப் போர்த்திய பொன்னாடை

ஞானம்பாள் அக்கா இட்லி மாவு அரைத்து வீடு வீடாக விற்கிறவர். எங்கள் தெருவில் அவர் கதவைத் தட்டினால் மாவு வந்திருக்கிறது என்று அர்த்தம். தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் மாவோடு ஒரு வேண்டுகோளும் வரும். ஏரிப் பக்கம் வெடி வைக்காதீர்கள், பறவைகள் கூடு கட்ட வருகிற நேரம் என்பார். மாவு வாங்கிக்கொண்டு முகத்துக்கு நேராக மறுக்க முடியுமா? எல்லோரும் தலையாட்டுவோம். தீபாவளியன்று வெடிப்போம்.

அவர் பிறந்தது வேடந்தாங்கலை ஒட்டிய ஒரு கிராமத்தில். அங்கே தீபாவளி என்றால் கம்பி மத்தாப்போடு சரி. கல்யாணத்துக்கும் சாவுக்கும்கூட ஏரிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்காது, பிள்ளைகளும் கேட்டு அடம்பிடிக்க மாட்டார்கள். கூடுவாஞ்சேரியைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, இந்த ஏரியின் கருவேல மரங்களில் நாரைக் கூடுகளைப் பார்த்து, நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அப்போது சுற்றிலும் கழனி. பிறகு ஊர் நகராட்சி ஆனது, கழனி மனையாகி, மனை அடுக்குமாடி ஆனது. மரங்கள் மிஞ்சியது ஏரியின் நடுத்திட்டில் மட்டும்தான்.

அக்காவுக்குப் பெரிய தலைவலி புதுக் குடித்தனங்கள். ஒரு தெருவுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பாதிப் பேர் வீடு மாறிப் போய்விடுவார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர், பறவைக்கு ஏது காது என்று கேட்டார். அக்கா மாவை அளந்து ஊற்றிவிட்டு வந்துவிட்டார். முழங்கால் வலி வந்தபிறகு, லிஃப்ட் இல்லாத வீடுகளுக்குக் கீழே நின்றே குரல் கொடுப்பார்.

எங்கள் வார்டு கவுன்சிலர் செங்கல்வராயன் நல்ல மனுஷன், அக்காவின் மாவில் வளர்ந்த உடம்பு. போன வருஷம் அவரே முன்னால் நின்று, ஏரியைச் சுற்றி வெடி கூடாது என்று தீர்மானம் போடவைத்தார். அந்தத் தீபாவளி ஏரிக்கரையில் சத்தமில்லாமல் கழிந்தது. இனிமேல் யார் கதவையும் தட்ட வேண்டாம் என்று அக்கா அப்பாடாவென்று காலை நீட்டி உட்கார்ந்தார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்து, கூடுகளில் குஞ்சு பொரித்திருந்த சமயத்தில், 'பறவைகள் அமைதிப் பகுதி' என்ற பலகைக்குத் திறப்பு விழா வைத்தார்கள். கரையில் பந்தல், நாற்காலி, ரோஸ்மில்க். அக்காவை மேடைக்கு அழைத்துச் செங்கல்வராயன் பொன்னாடை போர்த்தினார். போர்த்திய கையாலேயே கீழே நின்ற ஆட்களுக்குச் சைகை காட்டினார்.

பத்தாயிரம் வாலா. எங்கள் ஊரில் சரவெடி இல்லாமல் எந்தப் பலகையும் திறந்ததில்லை. இதற்கு மட்டும் வேண்டாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரம் பாதி வெடிப்பதற்குள் திட்டிலிருந்த நாரைகள் மொத்தமாகக் கிளம்பி, புகைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, ரயில் பாதையைத் தாண்டிப் போயின. நாங்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தோம், கைதட்டினோம்.

"இன்னாக்கா, கண்ணு கலங்குது? எல்லாம் ஒனக்காவத்தான்" என்றார் செங்கல்வராயன். உண்மையான பெருமையோடுதான் சொன்னார்.

அக்கா வாய்விட்டுத் திட்டியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"குஞ்சுங்கோ கீதுப்பா. அதுங்களுக்குப் பறக்கத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

பந்தலைப் பிரித்த பிறகும் அவர் கரையிலேயே நின்றார். சில நாரைகள் திரும்பின, பல திரும்பவில்லை. திட்டில் குஞ்சுகள் பசியில் கத்துவது இருட்டும்வரை கேட்டது.

மறுநாள் காலை மாவு வாளியோடு வந்த அக்கா முதலில் தட்டியது செங்கல்வராயன் வீட்டுக் கதவை. மாவை அளந்து ஊற்றினார். பிறகு, அன்றைக்குத்தான் குடிவந்தவரிடம் சொல்வதுபோல, ஏரிப் பக்கம் வெடி வைக்காதீர்கள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.